பைக்கு யார் சொந்தக்காரன்?

மளிகைக் கடையில் பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பிளாஸ்டிக் பையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது நிற்பதில் மாயம் ஒன்றுமில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாள். அடியில் உள்நோக்கி மடித்த ஒரு துண்டு. ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். சரக்கை நிரப்பியதும் அதன் பாரமே மடிப்பை விரிக்கிறது. பை காலூன்றி நிற்கிறது. இந்தச் சின்ன மடிப்புக்குத்தான் பேட்டண்ட், உரிமை, வழக்கு, வக்கீல் எல்லாம்!

பிரான்ஸ் தேசத்தில் திமோனியே கம்பெனியைச் சேர்ந்த லூயி துவாயென் 1960-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். அந்தக் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஆலைத் தோழர்கள் அதை அவசியம் கேட்க வேண்டும். பார்தெலமி திமோனியே ஒரு தையல்காரர். 1830-ல் தையல் மிஷினுக்குப் பேட்டண்ட் பெற்றார். பாரிஸில் ராணுவ உடுப்புத் தைக்கும் பட்டறையில் அவருடைய மிஷின்கள் ஓடின. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையல் தொழிலாளர்கள் 1831-ல் அவற்றை அடித்து நொறுக்கினார்கள். 1857-ல் திமோனியே வறுமையில் காலமானார். கையில் பேட்டண்ட் இருந்தது. அடுப்பில் உலை இல்லை! அப்படியானால் பேட்டண்ட் யாருக்குத்தான் சோறு போடுகிறது? மூலதனம் வைத்திருப்பவனுக்கு, வக்கீல் வைக்க வசதியுள்ளவனுக்கு.

புதிதாக ஒன்றைச் செய்தவனுக்குப் பலன் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கெடு உண்டு. அமெரிக்காவில் இந்தப் பைக்கு 1968 ஏப்ரலில் பேட்டண்ட் கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி 17 வருடம். 1985-ல் கெடு தீர்ந்தது. பிறகு அது ஊர்ப் பொதுச் சொத்து. (நம் நாட்டில் 1970-ம் வருடச் சட்டம் இத்தகைய சாமான்களுக்கு 14 வருடம் வைத்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின், 2002-ல் அதை 20 வருடமாக நீட்டினார்கள். யார் கேட்டு நீட்டினார்கள்? நாமா கேட்டோம்?)

கெடு முடிகிற நேரத்தில்தான் முதலாளியின் மூளை சுறுசுறுப்பாகிறது. பைக்கு மூடி வைத்தால் ஒரு பேட்டண்ட். ஜிப் வைத்தால் இன்னொன்று. கிழிக்கும் இடத்தில் வெட்டு வைத்தால் மற்றொன்று. புறம்போக்கை ஒட்டி நிலம் வைத்திருக்கும் மிராசுதார் வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பைத் தள்ளிப் போடுவதை நம் விவசாயத் தொழிலாளிகள் பார்த்ததில்லையா?

இதைவிடப் பெரிய தந்திரமும் நடந்தது. 1969 முதல் இந்தப் பையில் பழரச பானம் விற்றுவந்த ஜெர்மன் கம்பெனி சிசி-வெர்கெ, 1997-ல் எட்டுப் பைகளின் வடிவத்தையே தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யும்படி ஐரோப்பிய அலுவலகத்தில் மனுப் போட்டது. பேட்டண்டுக்காவது கெடு உண்டு. டிரேட்மார்க்கையோ 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து, சந்திர சூரியர் உள்ளவரை வைத்துக்கொள்ளலாம்! முன்வாசல் அடைத்ததும் கொல்லைப்புறமாக நுழையும் வேலை இது.

அலுவலகம் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2004-ல் அங்கும் தோற்றது. விடவில்லை, மேல்முறையீடு செய்தது. நிமிர்ந்து நிற்கும் பை வழக்கமான உறைகளில் ஒன்றுதான், வடிவத்தை மட்டும் பார்த்து இன்னாருடைய சரக்கு என்று வாங்குபவர் அறிய முடியாது என்ற முடிவு நிலைத்தது. 2006 ஜனவரி 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. வழக்குச் செலவையும் கம்பெனியே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.