வண்டிக்கு ஊரைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்



கோடை விடுமுறையோ, ஊரில் ஒரு திருமணமோ நெருங்கிவிட்டால் புனேயிலுள்ள நம் குடும்பங்களில் பிரயாண ஆயத்தம் தொடங்கிவிடும். முன்பு ரயில் டிக்கெட் மட்டுமே கவலையாயிருந்தது. இப்பொழுது சொந்தக் காரில், அதுவும் மின்சாரக் காரில், ஊருக்குச் செல்லத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வண்டிகள் நமக்கு அந்நியமானவையல்ல. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த டாடா நெக்ஸான் மின்சாரக் கார் நம் மாவட்டத்து ரஞ்சன்காவில் உருவானது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் புதிய மின்சாரக் கார்கள் சாக்கனில் தயாராகின்றன.

இவற்றில் பல வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு. செல்லவேண்டிய இடத்தை வீட்டில் அமர்ந்தபடியே கைப்பேசியில் தேடி, அதை வண்டியின் திரைக்கு அனுப்பிவிடலாம். ஒசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரிலும் இது உண்டு. 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லாவின் கார்களிலும் உண்டு. இது இளைஞரின் விளையாட்டு என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். அப்படியல்ல. மின்சாரக் காரில் குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்கிறவர்களுக்கு இது மிகவும் அவசியமான காரியம்.

வண்டிக்கு ஏன் தெரியவேண்டும்?

பெட்ரோல் வண்டியில் வழி தவறினால் நேரமும் பணமும் வீணாகும். அடுத்த பங்கில் நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரக் காரிலோ, வழி தவறுவது என்பது சார்ஜ் தீர்ந்துபோவதாகவும் முடியலாம். இரவு நேரத்தில், கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்று சற்று சிந்தித்துப் பாருங்கள்.

புனேயிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 840 கிலோமீட்டர். வழியில் சில முறையாவது சார்ஜ் செய்தே ஆகவேண்டும். சாத்தாராவுக்குமுன் கம்பாட்கி மலைப்பாதையில் ஏறும்போது மின்சாரம் அதிகம் செலவாகும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியே திரும்பக் கிடைக்கும். வேகம், ஏசி, வண்டியிலுள்ள பாரம் ஆகியவையும் கணக்கில் சேரும். செல்லுமிடம் முன்னதாகவே வண்டிக்குத் தெரிந்திருந்தால், வழியைத் தானே கணக்கிடும் வண்டிகள், போய்ச் சேரும்போது எவ்வளவு சார்ஜ் மீதமிருக்கும், எங்கே நிறுத்தவேண்டும் என்று சொல்லும். டெஸ்லா போன்றவை, விரைவு சார்ஜ் நிலையத்தை அடையுமுன் பேட்டரியை ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடும்; அதனால் காத்திருக்கும் நேரம் குறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கைப்பேசியின் வரைபடம் காரின் திரையில் தெரிவது வேறு. காருக்கே இடம் சொல்லப்படுவது வேறு. ஆண்ட்ராய்ட் ஆட்டோ, கார்ப்ளே மூலம் கைப்பேசியை இணைத்தால், பல வண்டிகளில் அவ்வரைபடத்திற்குப் பேட்டரியின் அளவு தெரியாது. அது வழியைச் சொல்லும். ‘சார்ஜ் போதாது’ என்று எச்சரிக்காது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை வாங்கிய இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் ஒன்று, ஊர் வேறு

அனுப்புவது எளிது, சரியான இடத்தை அனுப்புவதே முக்கியம். ஔந்த் என்று தேடினால் புனே நகரின் ஔந்தும் வரும், சாத்தாரா மாவட்டத்து ஔந்தும் வரும். வட்காவ் சேரி நகரின் கிழக்கே இருக்கிறது. வட்காவ் புத்ருக் தெற்கே இருக்கிறது. வட்காவ் மாவளோ மும்பை செல்லும் வழியில் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கமும் அப்படியே. புதுக்கோட்டை என்றால் மாவட்டத் தலைநகரும் உண்டு, தூத்துக்குடிக்கு அருகே ஒரு புதுக்கோட்டையும் உண்டு. இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல்! மின்சாரக் காரில் இந்தத் தவறு ஒரு முழு சார்ஜையே விழுங்கிவிடும்.

ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பாதிருங்கள். உறவினரை அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடி வாட்ஸ்அப்பில் தங்கள் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். ‘நேரலை இருப்பிடம்’ வேண்டாம். அது அதிகபட்சம் 8 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அனுப்பியவர் கடைக்குப் போனால் அதுவும் கூடவே போகும். ‘தற்போதைய இருப்பிடம்’ என்பதே வேண்டியது. அதைத் திறந்து, மாவட்டத்தின் பெயரையும் தூரத்தையும் சரிபார்த்தபின் வண்டிக்கு அனுப்புங்கள்.

அனுப்பிய செய்தி பெரும்பாலும் நிறுவனத்தின் கணினி வழியாக, வண்டிக்குள் இருக்கும் சிம் மூலமாகவே போய்ச் சேருகிறது. அடுக்குமாடியின் அடித்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டால் அது வராது. அந்தச் சேவைக்குரிய சந்தா முடிந்திருந்தாலும் வராது. அதனால் புறப்படுகிற காலையில் அல்ல, முந்தின மாலையே அனுப்பி, திரையில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வரைபடமும் கண்களும்

2021 ஜனவரியில் புனேயிலிருந்து கள்சுபாய் மலையை நோக்கிக் காரில் சென்ற மூவர், அகோலே வட்டாரத்தில் இரவு வேளையில், வரைபடம் காட்டிய குறுக்குப் பாதையில் திரும்பினார்கள். அந்தப் பாலம் அணை நீரில் மூழ்கியிருந்தது. இருவர் நீந்திக் கரையேறினார்கள்; ஓட்டியவர் உயிரிழந்தார். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, முடிவடையாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் மாண்டார்கள். அங்கும் வரைபடமே வழிகாட்டியாயிருந்தது.

வண்டி தூரத்தை அறியும், தண்ணீரை அறியாது. ஆகவே இரவில் குறுக்குப் பாதை காட்டினால் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். சந்தேகம் தோன்றினால் நிறுத்தி, வழியிலுள்ள ஒருவரிடம் விசாரியுங்கள். விசாரிப்பது வெட்கமல்ல.

வாகனம் ஓடும்போது கைப்பேசியைத் தொட்டு இடம் தேடுவதும் ஆபத்தே. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி அறிவதற்கு மாத்திரம், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வண்ணம், கைப்பேசியை அனுமதிக்கிறது. வழியில் இடத்தை மாற்ற நேர்ந்தால், அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ பிள்ளைகளோ அதைச் செய்யட்டும். இல்லையேல் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

இன்னொரு எச்சரிப்பு. உங்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளி, நீங்கள் சென்று வந்த இடங்கள் யாவும் வண்டியின் நினைவில் தங்கியிருக்கும். வண்டியை விற்கும்போது அவற்றை அழித்து, கைப்பேசியின் இணைப்பையும் கணக்கையும் நீக்கிவிட்டே சாவியைக் கொடுங்கள்.

நம் வீடுகளில் புறப்படுமுன் குடும்பமாய்க் கூடி ஜெபிக்கும் வழக்கம் உண்டு. அதற்கு முந்தின மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, செல்லுமிடத்தையும், சார்ஜ் செய்யும் நிலையங்களையும், ஒன்று பழுதாகியிருந்தால் அடுத்தது எது என்பதையும் குடும்பமாய் அமர்ந்து பாருங்கள். ஊரில் வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு, நீங்கள் எந்த வண்டியில் வந்தீர்கள் என்பதைவிடப் பத்திரமாய் வந்து சேர்ந்தீர்கள் என்பதே பெரிய சந்தோஷம்.