இயக்கியும் உரையாசிரியனும்

2021ஆம் ஆண்டிலே, கொரோனா நோய் காரணமாகப் பாடசாலைகள் மூடிக்கிடந்த காலத்தில், பதுளை மாவட்டத்து மீகாகிவுலப் பகுதியைச் சார்ந்த போகிட்டியாவ என்னும் சிற்றூரின் ஆசிரியரும் மாணவரும் புதர்க்காட்டினூடே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடந்து, ஒரு பாறைக்குன்றின் உச்சியை அடைந்து, அங்கு மட்டுமே எட்டிய கைத்தொலைபேசி அலையைக்கொண்டு பாடம் நடத்திய செய்தியை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. லுணுகலைப் பக்கத்தில், மலையுச்சி மரமொன்றின்மேல் 30 அடி உயரத்தில் அமைந்த பரணுக்குப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் காட்டுவழியே அழைத்துச் சென்றனர். தினைப்புனத்துப் பரணிலே கிளிகடிந்த மகளிரை இலக்கியத்திற் கண்டு மகிழ்ந்த நாம், கல்விக்காகப் பரணேறிய சிறாரைச் செய்தித்தாளிலே காணலானோம். நாட்டின் 43 இலட்சம் மாணவருள் நூற்றுக்கு நாற்பதின்மரே இணையவழிப் பாடங்களிற் பங்குகொள்ள முடிந்ததென இலங்கை ஆசிரியர் சங்கத்தார் அக்காலத்திற் கூறினர்.

நமுனுகுலை மலையின் மடிப்புகளிலும், பசறை, மடுல்சீமைப் பக்கத்துப் பள்ளங்களிலும் அமைந்த தோட்டங்களுக்கு அலை எட்டாமைக்கு மலையே காரணம். அலைக்கோபுரம் எழுப்புதல் அரசின் கடன். தொலைபேசிக் கம்பனியாரின் கடன். அதனைக் குறித்து எழுத வேண்டியவர் பலர் உளர். யான் எழுதப் புகுந்தது வேறொன்று. கோபுரத்திலிருந்து கைத்தொலைபேசி வரைக்கும் அலை வந்த பின்னரும், அத்தொலைபேசியிலிருந்து அருகே மேசைமேல் இருக்கும் மடிக்கணினிக்கு அது சென்று சேராதிருக்கின்றதே, அந்தக் கடைசி நூறடியைக் குறித்தே எழுதுகின்றேன். அந்த நூறடி கம்பனியாருடையதன்று, நம்முடையது.

ஊவாத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கருத்தரங்கின் பொருட்டு யான் செல்வதுண்டு. பழைய மாணவரோ, கொழும்பு அன்பரோ, வெளிநாட்டு உறவினரோ அன்பளிப்புச் செய்த மடிக்கணினி ஒன்று அதிபரின் அலுமாரியிலே துணிபோர்த்துக் கிடப்பதைப் பல இடங்களிற் கண்டிருக்கின்றேன். "பழுதோ?" என்று வினவினால், "பழுதில்லை ஐயா, நெற் எடுக்காது" என்பர். நன்றாகவே இயங்குங் கருவி, ஒரு சிறு அட்டை வாய்திறவாமையாலே பயனற்றுக் கிடக்கின்றது.

அவ்வட்டை யாதெனின், கம்பியில்லா வலையட்டை. புதிய மடிக்கணினிகளுள் இருப்பது பெரும்பாலும் 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமுமே உடையது; தபால்முத்திரை அளவினது. அதிலிருந்து மயிரிழை போன்ற இரு கம்பிகள் எழுந்து மூடியினுள்ளே திரையின் ஓரமாக ஏறும். அவையே அதன் செவியும் வாயும். கணினிகள் கம்பியின்றித் தம்முட் பேசும் வித்தையை 1971ஆம் ஆண்டிலே முதன்முதற் பெரிய அளவிற் செய்து காட்டியவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார். தீவுக்குத் தீவு கடல் இடைப்பட்டமையால் அவர்கள் வானலையை நாடினர். பின்னர் 1997இல் இதற்கெனப் பொது நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. இன்று நாம் வைபை என வழங்குவது அந்நியமத்தின் வழிவந்ததே.

நிற்க. அட்டை உள்ளே இருந்தால் மட்டும் போதாது. கணினியை ஆளும் மென்பொருளுக்கு அவ்வட்டையின் மொழி தெரியாது. அதனை எடுத்துரைக்க இடையில் ஒரு சிறு மென்பொருள் வேண்டும். ஆங்கிலத்தில் இதனை 'டிரைவர்' என்பர். ஒரு தோட்டப் பாடசாலையிலே பத்தாந்தர மாணவி ஒருத்தி, திரையிலே தோன்றிய ஆங்கில வாசகத்தை அகராதியின் துணையோடு எழுத்தெண்ணிப் பெயர்த்து, "சாரதியைக் காணவில்லை என்று சொல்கிறது ஐயா" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பெயர்த்ததிற் பிழையேதும் இல்லை. நம் நாட்டிற் பேருந்து ஓட்டுபவர் சாரதிதானே! சொல் சரி, பொருள் சென்று சேரவில்லை. பொருளைச் சேர்ப்பிக்க வேண்டியவர் தமிழ் கற்பிக்கும் நாமல்லவோ?

ஆகவே அவளுக்கு யான் வேறு வகையாற் சொன்னேன். தொல்காப்பியச் சூத்திரம் இருக்கின்றது; படிக்க முற்படும் மாணாக்கனும் இருக்கின்றான். உரை இல்லையேல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாளா இருக்க வேண்டியதே. அட்டை சூத்திரம், கணினி மாணாக்கன், இடையில் நிற்கும் இயக்கி உரையாசிரியன். சேனாவரையர் உரை சொல்லதிகாரத்துக்கே உரியது. அதனைக் கையிற்கொண்டு எழுத்ததிகாரம் படிக்கப் புகுவார் உளரோ? ஓர் அட்டைக்கென எழுதப்பட்ட இயக்கியை வேறோர் அட்டைக்கு இடுவதும் அத்தகையதே. ஆகையால், முதற்கண் அட்டையின் பெயரையும் எண்ணையும் அறிந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வளவும் சொன்ன பின்னர் அம்மாணவி கருவிகளின் பட்டியலைத் தானே திறந்து, மஞ்சள் வியப்புக்குறி இட்டிருந்த வரியைக் கண்டுபிடித்தாள்.

இயக்கி என்னுஞ் சொல்லை ஏற்காத நண்பர் ஒருவர் எனக்குண்டு. சிலப்பதிகாரத்திலே இடையர்குல முதுமகள் மாதரி பாலுணவு படைத்து வழிபட்டு மீளும் தெய்வம் இயக்கியன்றோ, அப்பெயரை இரும்புக்கும் பிளாத்திக்குக்கும் இடலாமோ என்பது அவர் தடை. இடலாம் என்பதே என் விடை. வேண்டிய படையல் இன்றி இவ்வியக்கியும் அருள்செய்வதில்லை! கணினி என்பதா, கணனி என்பதா என்று நம்மவர் நெடுங்காலம் சொற்போர் நிகழ்த்தினர். யான் கணினியின் பக்கத்தவன். ஆயினும், அலுமாரியிற் பூட்டிக் கிடக்கும் பொருளுக்கு எப்பெயரிட்டால் என்ன?

இயக்கியைப் பெறுவதிலும் ஒரு முடிச்சு உண்டு. இணையத்துக்குச் செல்ல இயக்கி வேண்டும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். கைத்தொலைபேசியை மின்னேற்றும் அதே கம்பியாற் கணினியோடு பிணைத்து, தொலைபேசியின் இணையத்தைக் கம்பிவழியே கொடுத்தால் முடிச்சு அவிழும். பெரும்பாலான தொலைபேசிகளில் இவ்வசதி உண்டு. இதனைத் தமிழில் எடுத்துச் சொல்வாரைத்தான் காணோம். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளாற் கணினியை இயக்குவோர் முன்னாளில் இவ்விடயத்திற் பட்ட பாடு பெரிது. அட்டை செய்த கம்பனிகள் பல தம் இயக்கிகளின் மூலத்தை மறைத்தே வைத்திருந்தன. 2008இல் அதரோஸ் கம்பனியும் 2010இல் புரோட்கொம் கம்பனியும் தம் இயக்கிகள் சிலவற்றைத் திறந்து வெளியிட்ட பின்னரே அத்துன்பம் பெரிதும் தணிந்தது.

இனி, இயக்கி இருந்தும் அலை எடாமைக்குச் சிறு காரணங்கள் சில உள. சில மடிக்கணினிகளில் விமானப் படம் பொறித்த விசை ஒன்றுண்டு. பழையனவற்றில் ஓரத்திலே சிறு ஆளி இருக்கும். விமானத்திற் செல்வோர் வானலையை நிறுத்துதற்பொருட்டு அமைத்தது அது. விமானத்தைப் படத்திற் கண்டிருக்கும் லயத்துப் பிள்ளைக்கு அதன் கருத்து எங்ஙனம் விளங்கும்? கைதவறி ஒருமுறை அழுத்தினாற் போதும், அட்டை ஊமையாகிவிடும். கணினி பழுதென்று முடிவுகட்டி அலுமாரியிற் பூட்டுவர். இன்னொன்று, பழைய அட்டைகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். புதிய தொலைபேசி 5 கிகாஹேர்ட்ஸ் அலையிற் கூவினால் அவற்றின் செவியில் ஏறாது. தொலைபேசியின் அமைப்பிலே 2.4ஐத் தெரிந்துவிட்டால் இரண்டும் உறவாடும். சுவரை ஊடுருவுவதிலும் இக்குறைந்த அலையே வலியது. இடைச்சுவர் பலவுடைய நம் லயங்களுக்கு ஏற்றதும் இதுவே. 2018இல் வந்த புதிய பாதுகாப்பு முறையைப் பழைய அட்டை அறியாதாயின், கடவுச்சொல் சரியாக இருந்தும் வாயில் திறவாது. அதற்கு முந்திய முறைக்கு மாற்றல் வேண்டும்.

இவையெல்லாம் பண்டிதர் செய்யும் வேலையோ, கொழும்பிலிருந்து ஒரு நிபுணரை அழைத்தாலாகாதோ என்பர் சிலர். தேனி மாவட்டத்திலே நிகழ்ந்ததை அவர்க்கு நினைவூட்டுவேன். நம் மலைநாட்டைப் போலவே மலைசூழ்ந்த அவ்வூரில், அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பார்வை மையங்களையும், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர் சில்லாண்டுகளாய் முயன்று இவ்வைபை அலையாலேயே இணைத்தனர். சாதாரண அட்டையும் திசைநோக்கிய அலைவாங்கியுமே கருவி. சிற்றூர் நோயாளி தேனியிலுள்ள மருத்துவரை முகம் பார்த்துப் பேசினார். ஆய்வாளர் பின்னர் எழுதியவற்றுள் யான் நெஞ்சிற் கொண்டவை இரண்டு: ஒழுங்கற்ற மின்சாரத்தாற் கருவிகள் அடிக்கடி கெட்டன; உள்ளூரவர் தாமே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டமையாலே அவ்விணைப்பு நிலைத்தது. நம் நாட்டிலும் 2006இல் அநுராதபுர மாவட்டத்து மகாவிலச்சிய என்னும் உழவர் ஊர் கம்பியில்லா வலையால் இணைக்கப்பட்டது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இயன்றது மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு இயலாதென்பார் தம் காரணத்தைக் கூறுவாராக.

ஆங்கிலம் படித்துவிட்டால் இத்தொல்லை ஏது என்பது மற்றொரு தடை. ஆங்கிலம் படிக்கட்டும், யான் தடுப்பேனல்லேன். ஆனால் ஆங்கிலம் படிப்பதற்கே அப்பிள்ளைக்கு இக்கருவி வேண்டியிருக்கின்றது. கைத்தொலைபேசி ஒன்றே போதாதோ என்பாரும் உளர். படிப்பதற்குப் போதும், நாற்பது வரிக் கட்டுரையைத் தமிழில் எழுதித் திருத்தி மீண்டும் எழுதுவதற்குப் போதாது. க.பொ.த. உயர்தரத்திலே தகவல் தொழினுட்பவியல் பயில விரும்பும் தோட்டத்து மாணவன் உள்ளங்கையளவு திரையிலே எதனைப் பயில்வான்?

1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகள் வெளியிட்டனர். அவற்றாலேயே விஞ்ஞானம் தமிழில் நம் வகுப்புகளுக்குள் நுழைந்தது. இன்று திணைக்களத்துக்காகக் காத்திருத்தல் வேண்டா. யான் வேண்டுவது ஒரே ஒரு தாள். ஒவ்வொரு பாடசாலையும் தன்னிடமுள்ள மடிக்கணினிக்கென்றே, தமிழாசிரியரும் கணினி பயிலும் மாணவரும் கூடியிருந்து, அதனை எழுதுதல் வேண்டும். அட்டையின் பெயரும் எண்ணும், விமான விசை இருக்குமிடம், இயக்கியைச் சேமித்த இடம், தொலைபேசியைக் கம்பியாற் பிணைக்கும் முறை, அலைத் தெரிவு ஆகிய இவ்வளவே அதில் வேண்டுவன. எழுதி முடித்தபின், கணினி அறியாத ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்து, வாய்திறவாமல் அருகே நின்று பார்த்தல் வேண்டும். அவள் தடுக்குமிடத்திலே நம் தமிழ் தடுக்கியதென்று கொண்டு, அவ்வரியைத் திருத்துக. தாளை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தாற் போதும்.

யான் எழுத முற்பட்ட தாளில் ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. ஒரு தொலைபேசி தன் இணையத்தைச் சூழவுள்ள கருவிகளுக்கு அலைவழியே பகிர்தலை மாணவர் 'ஹொட்ஸ்பொட்' என்கின்றனர். 'வெப்பப்புள்ளி' என்று பெயர்த்த ஒரு கைந்நூலைக் கண்டு அஞ்சினேன். பிள்ளைகள் கணினி சுடுமென்று கையெடுத்துவிடுவர். 'பகிர்வலை' என்று இப்போதைக்கு இட்டிருக்கின்றேன். இதனினும் நல்ல சொல் உடைய ஆசிரியரும் மாணவரும் இப்பகுதிக்கு எழுதுவாராக.