எரித்தவனே ஆதாரம் கேட்கிறான்

அமெரிக்காவின் அலபாமாவில் மொபீல் ஆறு கிளைகிளையாகப் பிரிந்து சதுப்பாகப் பரவுகிறது. முங்கினால் நீட்டிய கை தெரியாத கலங்கல். காந்தமானி இரும்பைக் காட்ட, ஒலியலைக் கருவி மரச்சட்டங்களைக் காட்ட, தொல்லியல் முக்குளிப்பவர்கள் சேற்றைக் கையால் தடவித் தடவித்தான் ஆராய்ந்தார்கள். நீள அகலம், மரவகை, ஆணி, தீய்ந்த தடம் எல்லாவற்றையும் 1855இல் கட்டப்பட்ட ஒரு கப்பலின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2019 மே மாதம் அறிவித்தார்கள்: இது 'குளோடில்டா'. அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவந்ததாக அறியப்பட்ட கடைசிக் கப்பல்.

பத்திரிகைகள் 'கண்டுபிடிப்பு' என்றன. யாருக்குக் கண்டுபிடிப்பு?

அடிமை இறக்குமதியை 1808லேயே சட்டம் தடுத்தாச்சு. 1860இல் டிமோதி மீஹர் என்ற பணக்காரன், ஃபாஸ்டர் என்கிற மாலுமியை அனுப்பி, ஆப்பிரிக்காவின் தகோமியில் சுமார் 110 பேரை விலைக்கு வாங்கிவரச் செய்தான். ஆட்களை இறக்கியதும் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். ஆதாரம் ஆற்றுக்குள் போனது. மீஹருக்குத் தண்டனை கிடையாது.

1865இல் விடுதலையானவர்களுக்கு ஊர் திரும்பக் காசில்லை. நிலம் கேட்டார்கள், மீஹர் மறுத்தான். கூலிக்காசைச் சேர்த்து நிலம் வாங்கி, ஆப்பிரிக்காடவுன் என்று ஊர் உண்டாக்கினார்கள். அந்த ஊர் கப்பலை மறக்கவேயில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. கட்டுக்கதை என்றார்கள் வெளியே இருந்தவர்கள். கப்பலில் வந்த கோசோலா 1935 வரை உயிரோடிருந்தார். அவர் சொன்னதை ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின எழுத்தாளர் அவருடைய பேச்சிலேயே எழுதினார். மொழியைத் திருத்தித் தரச் சொன்னது பதிப்புலகம். அவர் மறுத்தார். புத்தகம் அச்சேறியது 2018இல்!

வங்கியில் வவுச்சர் பார்த்தே பிழைக்கிறவன் நான். வவுச்சர் இல்லாமல் கணக்கு நிற்காதுதான். ஆனால் வவுச்சரைக் கிழித்தவனே 'எங்கே வவுச்சர்?' என்று கேட்டால் அதுக்குப் பேர் கணக்கில்லை, களவு.

இது தூரதேசத்துக் கதை இல்லை தோழர்களே. 1873இல் புலே தம் 'குலாம்கிரி'யை அடிமைமுறை ஒழியப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த உறவோடு இங்கே பாருங்கள். 1892 ஆணைப்படி ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே என்று கேட்டால், அதை எழுதி வாங்கிக்கொண்டவனே 'பட்டாவைக் காட்டு' என்கிறான். வரப்பு எதுவரை, கிணறு யார் வெட்டியது என்று நம்ம கிழவி சொன்னால் அது 'வாய்ப்பேச்சு'. அவன் பத்திரம் மட்டும் 'வரலாறு'.

ஆப்பிரிக்காடவுன்காரர்கள் கப்பல் கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் பேச்சுதான் கப்பலைத் தேட வைத்தது. ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப்பதிவேடுகளைத் தேடுவோம், சரி. அதற்கு முன்னால் சேரிக்குப் போங்கள். கிழவிகள் பக்கத்தில் உட்காருங்கள். நிலத்தின் பேர், எல்லை, பிடுங்கியவன் பேர் எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். அவங்க பேசுற பாஷையிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.