‘முற்றட்டும்’ என்று சொல்லாதீர்!

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

“வயதானால் கண் மங்கத்தான் செய்யும்.” எங்கள் வீட்டில் நெடுநாள் ஒலித்த பேச்சு இது. சோற்றில் கல் கிடந்தால் அப்பத்தாவைக் கடிந்துகொண்டோம். வாசலில் நின்ற என்னைப் பார்த்து “யாருப்பா அது?” என்று கேட்டபோது சிரித்தோம். ஆய்வுக்கூடத்தில் குவிலென்சின் குவியத் தூரத்தைத் திருத்தமாக அளந்த நான், வீட்டில் இரண்டு லென்சுகள் வெளுத்துக்கொண்டிருந்ததைக் காணவில்லை. அந்த வெட்கமே என்னை எழுத வைக்கிறது.

கண்புரை என்பது கண்ணின்மேல் படரும் சவ்வு அன்று. கண்ணுக்குள் இருக்கும் லென்சே மங்கிப்போவதுதான் புரை. லென்சிலுள்ள புரதங்கள் ஒழுங்காக அமைந்திருக்கும்வரை ஒளி தடையின்றிச் செல்லும். அவை திரண்டுவிட்டால் ஒளி சிதறும். வெந்த முட்டையின் வெண்கரு வெளுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்வரும் வண்டியின் விளக்கு கூசும். நிறங்கள் மங்கிப் பழுப்பேறும். கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேரும். முதுமையோடு நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி ஆகியவையும் காரணமாகலாம். பொதுவாக வலி இராது. ஆதலால் பெரியவர்கள் வாய் திறப்பதும் இல்லை.

“புரை முற்றட்டும்” என்பார்கள். லென்சை அகற்றிவிட்டுத் தடித்த கண்ணாடி மாட்டிய காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஆனால் 1949-இலேயே லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்சைப் பொருத்திவிட்டார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் அச்சிகிச்சையைக் கொண்டுசென்றது. 1992-இல் அதன் ஆரோலேப், அந்த லென்சை இங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. இன்னும் ஏன் காத்திருக்க வேண்டும்? அன்றாட வேலைக்கு இடையூறானால் அதுவே தக்க தருணம். மிக முற்றிய புரை அறுவையைக் கடினமாக்கும்; சிலருக்குக் கண்ணழுத்தத்தை உயர்த்தி நரம்பையும் கெடுக்கும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை.

மங்கல் எல்லாம் புரை அன்று என்பதும் உண்மையே. கண்ணழுத்த நோயால் இழந்த பார்வை திரும்பாது. அதனால்தான் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது என்கிறேன்.

“எனக்கெதுக்குய்யா செலவு? அறுப்பு முடியட்டும்” என்றார் அப்பத்தா. இரண்டு அறுப்பு முடிந்தது. இலவச முகாம் உண்டென்று சொல்லவும் நாங்கள் மறந்திருந்தோம். கடைசியில் அறுவை முடிந்து கட்டவிழ்த்த அன்று, அவர் என் தந்தையை உற்றுப் பார்த்துக் கேட்டார்: “ஏய்யா, உனக்கு எப்ப இம்புட்டு நரைச்சுச்சு?” யாரும் பதில் பேசவில்லை.

நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம், நன்று. அடுத்த முகாமில் வீடுதோறும் முதியவர்களின் பார்வையையும் விசாரிப்போம். அதற்கு முன், இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். வருவது யாரென்று கேளுங்கள். தயங்கினால் சிரிக்காதீர்கள், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.