வாய்வுன்னு சொல்லியே போற உசுருங்க

எங்க பக்கம் மாரடைப்புக்கு இன்னொரு பேரு உண்டு. வாய்வு. நெஞ்சை அடைக்குதுன்னு ஒருத்தர் சொன்னா வீட்ல முதல்ல வர்றது சோடா, அப்புறம் ஓமத்தண்ணி, அப்புறம் சுட்ட பூண்டு. அதுலயும் அடங்கலைன்னா வெளியூர்ல இருக்கிற மகனுக்குப் போன். இந்தப் பதிவு அந்த மகனுக்கும் மகளுக்கும்தான். அப்பாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுன்னு முடிவு பண்றது இப்பல்லாம் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற நீங்கதானே.

போன்ல நீங்க சொல்றது பெரும்பாலும் ஒண்ணுதான். "ஜி.எச்.செல்லாம் வேண்டாம், நேரா கோயமுத்தூர் கொண்டு போயிருங்க." பாசத்துல சொல்றதுதான், குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பேச்சுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. கார் தேடணும், ஓட்டறதுக்கு ஆள் வரணும், பணம் பொரட்டணும், துணி எடுத்து வைக்கணும். கிளம்பறப்பவே ஒரு மணி நேரம் போயிருக்கும். அந்தக் கார் போற வழியில ஈசிஜி மிஷின் இருக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணையாவது தாண்டித்தான் போகும்.

சொட்டுநீர்க் குழாய்ல அடைப்பு வந்தா அந்த வரிசை வாட ஆரம்பிக்கும். அன்னிக்கே அடைப்பெடுத்தா கன்னு நிமிந்துரும். நாலு நாள் கழிச்சு எடுத்தா தண்ணி வரும், காஞ்ச கன்னு துளிர்க்காது. மாரடைப்பும் அப்படித்தான். இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சுக்குது, அதுக்குக் கீழ இருக்கிற தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகுது. முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல அடைப்பை எடுத்தா பலன் அதிகம். பன்னெண்டு மணி நேரம் தாண்டினா கரைக்கிற ஊசிக்குப் பெருசா வேலை இல்லை.

நெஞ்சுவலின்னு வந்தவருக்குப் பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும்ங்கிறது மருத்துவ விதி. அதுல முழு அடைப்புன்னு தெரிஞ்சா ரெண்டு வழி. ஆஞ்சியோ பண்ற இடம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கிடைக்கும்னா அங்க அனுப்பி பலூன் வெச்சுத் திறக்கறது. கிடைக்காதுன்னா அங்கயே அரை மணி நேரத்துக்குள்ள கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுட்டு அப்புறம் அனுப்பறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ்னா ஒரு மணி நேரம் வரைக்கும் சொட்டுச் சொட்டா ஏறும். டெனெக்டிபிளேஸ்னா ஒரே ஊசி.

"அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில என்ன தெரியும்?"னு நீங்க கேட்பீங்க. 2017ல வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒண்ணு இருக்கு. சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஒரே வலையில இணைச்சு 2420 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்தாங்க. இணைக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க நூத்துக்கு 17.6 பேர். இணைச்ச பிறகு 14.2. 2023ல தமிழக அரசு "இதயம் காப்போம்" திட்டத்தைக் கொண்டு வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மருந்தைக் கொடுக்க ஏற்பாடு பண்ணிச்சு. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8, மொத்தம் 14 மாத்திரை.

மூச்சுத்திணறலுக்கும் இதே நியாயம்தான். திணறலோட வர்றவருக்கு ஆஸ்துமாவா, பீடி குடிச்சுக் கெட்டுப்போன நுரையீரலா, இருதயம் தளர்ந்து நுரையீரல்ல நீர் கோத்ததான்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணுக்கு நெபுலைசர், ஒண்ணுக்கு நீரை இறக்குற ஊசி. ஆக்சிஜன்கூட எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. பீடியால கெட்ட நுரையீரலுக்கு விரல்ல மாட்டுற மிஷின் 88ல இருந்து 92க்குள்ள காட்டினாப் போதும், அதுக்கு மேல ஏத்தினாக் கெடுதலாகலாம். டாக்டர் நாடி, பிரஷர், மூச்சு எண்ணிக்கைன்னு பார்த்துட்டு இருக்கிறப்ப "சும்மா பார்த்துட்டே இருக்காங்க, ஊசி போடல"ன்னு சண்டைக்குப் போற ஆளுங்க எங்க ஊர்ல நிறைய. அந்தப் பார்க்கிறதுதாங்க பாதி வைத்தியம்.

கட்டுவிரியன் கடி இன்னும் மோசம். ராத்திரி தரையில படுத்தவரைக் கடிச்சா வலி தெரியாது, தடமும் தெரியாது. விடியக்காலம் வயித்துவலின்னு எழுந்திருப்பார், கண்ணிமை இறங்கும், பேச்சுக் குழறும், அப்புறம் மூச்சு நிக்கும். விஷமுறிவு மருந்தும், கையால அமுக்குற மூச்சுப் பையும், அதை விடாம அமுக்க ஒரு ஆளும் இருக்கிற ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்கு உசுரோட போய்ச் சேரலாம். நேரா நூறு கிலோமீட்டர் கார்ல போனா வழியிலயே மூச்சு நின்னுரும்.

எங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஈசிஜி எடுக்க ஆள் இல்லாத இடமும் இருக்கு. முதல் ஈசிஜி சரியா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் காலையில போனவங்களும் உண்டு. முதல் ஈசிஜியில தெரியாத மாரடைப்பு உண்டு, வலி நிக்கலைன்னா மறுபடி மறுபடி எடுக்கணும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கணும். இந்தக் குறையைச் சரி பண்ணச் சொல்லிக் கேட்கிற குரல் எங்களுக்குக் கம்மி. உங்களுக்கு உண்டு. நீங்க அந்த ஆஸ்பத்திரியை ஒதுக்கிட்டுப் போகப் போக, கேட்க நாதியில்லாம அது இன்னும் கெடும்.

அதனால அடுத்த தடவை போன் வந்தா ஊரைச் சொல்லாதீங்க. 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க. தானா நடக்க விடாதீங்க, மூச்சு வாங்கினா படுக்க வைக்காம சாய்ஞ்சு உக்கார வைங்கன்னு சொல்லுங்க. "ஈசிஜி எடுத்தாச்சா?"ன்னு கேளுங்க. சர்க்கரை இருக்கிற அப்பா அம்மாவுக்கு வலியே இல்லாம வெறும் வேர்வையும் மயக்கமும் மூச்சு வாங்கறதுமா மாரடைப்பு வரலாம், அதையும் வாய்வுக் கணக்குல சேர்க்காதீங்க. சாப்பிடுற மாத்திரை, செஞ்ச ஆபரேஷன், முன்னாடி வந்த பக்கவாதம் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி மருந்து டப்பாவுக்குள்ள இப்பவே வெச்சுட்டு வாங்க. கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்றது அந்தத் தாளைப் பார்த்துத்தான். பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப அதுக்குப் பத்து நிமிஷம் போதும்.