வளைகுடாவிலிருந்து திரும்பும் பிள்ளைகள்: பள்ளியின் பெயரைப் பார்ப்பதா, வகுப்பைப் பார்ப்பதா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. "பிள்ளைகளை ஊரில் சேர்ப்பதா, அங்கேயே தொடர்வதா? ஊரில் என்றால் எந்தப் பள்ளி?" சாலையோரப் பலகைகள் எல்லாம் 'இன்டர்நேஷனல்', 'பப்ளிக்', 'குளோபல்' என்றே அழைக்கின்றன. கணவர் அங்கே, மனைவி இங்கே என்ற நிலையில் வாட்ஸ்அப் அழைப்பிலேயே முடிவு எடுக்கப்பட்டு, சில நாட்களில் கட்டணமும் கட்டப்பட்டுவிடுகிறது. ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி பள்ளியின் பெயரைப் பற்றியதல்ல. பிள்ளை எந்த வகுப்பில் ஊர் திரும்புகிறது, எந்த மொழியில் எழுதத் தெரிந்து திரும்புகிறது என்பதே முதல் கேள்வி.

இந்தத் திரும்பி வருதல் பல நேரங்களில் நாம் திட்டமிட்டு நடப்பதில்லை. சவூதி அரேபியா 2017 ஜூலையில் வெளிநாட்டு ஊழியர்களின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் 100 ரியால் கூடி, 2020-ல் மாதம் 400 ரியால் ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் ஆண்டுக்கு 19,200 ரியால் கட்ட வேண்டிய நிலை. பல குடும்பங்கள் கல்வியாண்டின் நடுவிலேயே பெட்டியைக் கட்டின. கொரோனா காலத்தில் வேலையிழந்தவர்களின் கதையும் இதுதான். ஆகவே 'இன்னும் ஐந்து வருடம் இருப்போம்' என்ற கணக்கை மட்டும் நம்பிப் பிள்ளைகளின் படிப்பை அமைப்பது ஆபத்தானது.

பெயர்ப் பலகை என்ன சொல்கிறது?

'பப்ளிக் ஸ்கூல்' என்பது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கு. அங்கே அது அரசுப் பள்ளியைக் குறிப்பதில்லை. கட்டணம் வாங்கும் பழைமையான தனியார் பள்ளிகளையே குறிக்கும். 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லும் தானாக எந்தத் தரச்சான்றும் ஆகிவிடாது. பெயரில் இன்டர்நேஷனல் என்று வைத்துக்கொண்டு சிபிஎஸ்இ பாடத்திட்டத்தையோ மாநிலப் பாடத்திட்டத்தையோ நடத்தும் பள்ளிகள் ஏராளம்.

உண்மையிலேயே அரசு நடத்தும் இருமொழிப் பன்னாட்டுப் பள்ளிகள் உலகில் உண்டு. பெர்லின் மாநகரம் 1992 முதல் ஜெர்மனோடு இன்னொரு மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் அரசுப் பள்ளிகளை நடத்துகிறது. லக்சம்பர்க் நாடு 2016-ல் டிஃபெர்டாஞ்சில் அரசுப் பன்னாட்டுப் பள்ளியைத் தொடங்கியது. வெளிநாட்டவரின் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மொழியில் பாடம் படித்துக்கொண்டே உள்ளூர் மொழியையும் கற்பதற்கான ஏற்பாடு இது.

நம் ஊரில் இதற்கு நெருக்கமாக இருப்பது எது? பலரும் திரும்பிப் பார்க்காத அரசுப் பள்ளிதான். 2012-13 கல்வியாண்டு முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அங்கே தமிழ் மொழிப்பாடம், மற்றவை ஆங்கிலத்தில். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கையையே உறுதி செய்தது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளும் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது நம் விருதுநகர் மாவட்டம். கட்டணப் பள்ளிகள் மட்டும் வாங்கித் தந்த பெயரல்ல அது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் உழைப்பும் அதில் இருக்கிறது.

6, 9: இரண்டு கதவுகள்

பெற்றோர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு.

முதல் கதவு 6-ஆம் வகுப்பு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் நீண்டது. கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2022-ல் தொடங்கப்பட்டதுதான். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 8-ஆம் வகுப்பில் ஊர் திரும்பி அரசுப் பள்ளியில் சேரும் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் 7.5 சதவீதத்துக்குள் வர முடியாது. 5-ஆம் வகுப்பை முடித்தவுடன் வந்த பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கும்.

இரண்டாவது கதவு 9-ஆம் வகுப்பு. சிபிஎஸ்இ பள்ளிகளில் பொதுத்தேர்வுக்கான பதிவு 9-லேயே நடந்துவிடுகிறது. 10-ல் நேரடியாகப் பள்ளி மாறுவதற்கு, பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். 9-ல் எடுத்த பாடங்களே 10-லும் தொடர வேண்டும். வளைகுடா இந்தியப் பள்ளியில் இந்தியோ மலையாளமோ பிரெஞ்சோ இரண்டாம் மொழியாகப் படித்த பிள்ளை, அதே மொழி இல்லாத ஊர்ப் பள்ளிக்கு 10-ல் வந்தால் சிக்கல்தான். சேர்க்கைக்கு முன்பே அந்தப் பள்ளியில் என்னென்ன மொழிகளுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் நிலைமை இன்னும் தெளிவானது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 1-ஆம் வகுப்பிலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2015-16-ல் 10-ஆம் வகுப்பை எட்டியது. தமிழ் எழுதத் தெரியாமல் அந்தத் தேர்வைக் கடப்பது மிகக் கடினம்.

தமிழ் தெரியாததன் விலை

'ஆங்கிலம் தெரிந்தால் போதும், உலகமே கைக்குள்' என்று நினைப்பவர்கள் டிஎன்பிஎஸ்சி தேர்வுகளைக் கவனிக்க வேண்டும். 2021 டிசம்பர் அரசாணைப்படி அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ் தகுதித்தாள் கட்டாயம். குறைந்தது 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகள் மதிப்பெண்ணுக்கே வராது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, 1-ஆம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்தவர்களுக்கே. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பெற்றுத்தர எத்தனையோ பேர் போராடினார்கள். ஆனால் தமிழ் எழுதத் தெரியாத நம் பிள்ளைக்குத் தகுதித்தாளிலேயே வழி அடைபட்டுவிட்டால், அந்த இடஒதுக்கீட்டால் அவருக்கு என்ன பயன்?

இது வேலைவாய்ப்போடு முடியும் விஷயமும் அல்ல. ஜும்ஆ பயான் தமிழில்தான் நடக்கிறது. குர்ஆன் தர்ஜுமாவும் மார்க்க நூல்களும் நம் கைக்குக் கிடைப்பது தமிழில்தான். தாய்மொழியை வாசிக்க முடியாத பிள்ளை அரபி எழுத்தைக் கூட்டி ஓதும். பொருளை விளங்கிக்கொள்ள எங்கே போகும்? ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று சூரா இப்ராஹீம் கூறுகிறது. அதே நேரத்தில், யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் ஹதீஸில் இருக்கிறது. தாய்மொழியில் வேரூன்றுவதும் பிற மொழி கற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

சேர்ப்பதற்கு முன்

சிபிஎஸ்இ என்று சொன்னால் இணைப்பு எண்ணைக் கேளுங்கள். வாரியத்தின் சாரஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்த வகுப்பு வரை அனுமதி, எந்த ஆண்டு வரை என்பது தெரிந்துவிடும். 8 வரை மட்டும் அனுமதியுள்ள பள்ளியில் 7-ல் சேர்த்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம். ஆசிரியர்களின் தகுதி, கட்டணம், தேர்ச்சி விவரங்களைப் பள்ளி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் சிபிஎஸ்இ விதி.

வளைகுடாப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் உரிய அதிகாரிகளின் மேலொப்பத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அது பெரும் அலைச்சல். சாதிச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் விடுமுறையில் வரும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முடித்துவிடலாம்.

பள்ளி வாகனம் எத்தனை மணிக்கு வீட்டு வாசலுக்குத் திரும்புகிறது என்றும் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு வந்து இறங்கும் பிள்ளை மக்தப் மதரஸாவுக்கு எப்போது போகும்? அமீரகத்தில் பள்ளியிலேயே இஸ்லாமியக் கல்வியும் அரபியும் இருந்தன. இங்கே அந்தப் பொறுப்பு மஹல்லாவுக்கும் வீட்டுக்கும் வந்து சேர்கிறது.

இன்னும் சில ஆண்டுகள் அங்கேயே இருப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கே வீட்டில் தமிழ் எழுத்தைத் தொடங்குங்கள். தமிழகப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். திரும்பி வரும் நாள் நம் கையில் இல்லை. அந்த நாளுக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.