ஆறஅமர உண்ணல்

நண்பர் நால்வர் கூடி ஓர் உணவுச்சாலையில் இரண்டு மணி நேரம் இருந்து இராப்போசனம் உண்பதை நம்மவருட் பலர் வீண்செலவு என்பர், சிலர் பிறநாட்டார் வழக்கம் என்று ஒதுக்குவர், "வீட்டிற் சோறில்லையோ?" என வினவும் முதியோரும் உளர். இம்மூன்றனுள் முதலாவது ஒன்றே விடை கூறத்தக்கது. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

விருந்து என்றதும் தமிழாசிரியராகிய நம் நினைவுக்கு வருவது திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம். அஃது இல்லறவியலுள் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. விருந்தென்னும் சொல்லோ புதுமை என்னும் பொருளது. ஆதலின் வீடு தேடிவந்த புதியவரைப் பேணுதலே அதன் முதற்கருத்து. நெடுநாட் பழகிய நண்பர் ஒருங்கிருந்து உண்ணல் வேறு. வீட்டு விருந்தில் ஒருவர் இடுவோர், ஏனையோர் ஏற்போர். இடுவோர் எத்துணை அன்பினராயினும் ஏற்போர் சிறிது அடங்கியே இருப்பர். உப்புக் குறைந்ததென்று சொல்லவும் நா எழாது. அன்றியும், நாம் முன்விறாந்தையில் இருந்து பழங்கதை பேசிச் சிரிக்கும்போது அடுக்களையில் இடியப்பம் பிழிபவர் யார்? பத்துப் பேருக்குச் சமைத்து, பரிமாறி, எல்லோரும் கைகழுவியபின் ஆறிய சொதியோடு உண்ண அமரும் அவ்வம்மையாரை நம் விருந்துப் புகழுரைகள் நினைப்பதில்லை. உணவுச்சாலையில் அவரும் ஒரு நாற்காலியில் அமரலாம். இக்காரணம் ஒன்றே போதும். ஆயினும் இன்னும் உள.

யாழ்ப்பாணத்திலே தேநீர்க்கடை நாற்காலி எல்லோருக்கும் எளிதிற் கிடைத்ததொன்றன்று. ஒரு சாராருக்கு உள்ளே இருக்கையும் குவளையும். மற்றொரு சாராருக்கு வாசலிலே சிரட்டை, புறம்பான பேணி, வெறும் போத்தல். சாதியைக் காரணங்காட்டி இவ்வாறு விலக்குதல் குற்றமெனச் சட்டம் செய்யப்பட்டது 1957 இல். சட்டம் தாளிலே இருந்தது; புறம்பான பேணி கடை வாசலிலேயே இருந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலமும், 1967 இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசமும் இன்றி அச்சட்டத்துக்கு உயிர் வந்திராது. அடிபட்டோரும் உளர், உயிர் துறந்தோரும் உளர். அப்போராட்டத்தில் நின்ற கே. டானியலின் "பஞ்சமர்" நாவலை உயர்வகுப்பு மாணவர் படித்தல் நன்று. கல்லூரி மலர்களில் இவ்விடயம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சைவமும் தமிழும் வளர்த்த பெருமையை மலர்தோறும் பேசும் நாம், ஒரு குவளைத் தேநீரை உள்ளே இருந்து அருந்துவதற்காக நம் ஊரவர் பட்ட பாட்டையும் ஒரு பக்கத்தில் எழுதினாற் குறைந்துபோவதில்லை. இன்று எவரும் எவரோடும் ஒரே மேசையில் அமரலாம். அங்ஙனம் அமர்கின்றோமா என்பது வேறு வினா.

இனி, நாற்பதைக் கடந்த நம் வயதினரின் நிலை தனியே சொல்லத்தக்கது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. குப்பிவிளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தோம். அதற்கு வேண்டிய மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழுந்து நடந்தது. மீண்டு வந்தபின் ஊரடங்குச் சட்டம். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது மறுபடியும் அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. பொழுது சாயுமுன் திரும்பாத பிள்ளையை எதிர்பார்த்துத் தாய்மார் படலையில் நின்ற காலம் அது. ஆகவே, இரவு ஒன்பது மணிக்கு விளக்கொளி நிறைந்த கடையிலே நண்பரோடு வீற்றிருத்தல் நம் தலைமுறை இளமையிற் கல்லாத கலை. இன்றும் எட்டரை மணியானதும் நம்முட் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பர். கதிரையின் நுனிக்கு வருவர். வழியிற் காவலரணும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. உடம்பு மட்டும் இன்னும் கணக்கு வைத்திருக்கின்றது. இவர்களுக்கு ஒரு தோசை கூடுதலாகச் சொல்லி இருத்திவைத்தல் நண்பர் கடன்.

ஆறஅமர உண்ணுதற்கு நம் சைவ உணவுச்சாலைகள் உகந்தனவோ என வினவுவார்க்கு, பெரிதும் உகந்தன என்போம். கேளாமலே வடைத்தட்டு மேசைக்கு வரும், உண்டவற்றுக்கே கணக்கு. தோசையை அடுப்பினின்று இறங்கிய சூட்டிலே உண்ண வேண்டும். அப்போது பேச்சு நிற்கும். அடுத்த தோசைக்குக் காத்திருக்கும் வேளையிலேதான் பேச்சுப் பிறக்கும். உண்ணும்போது பேசலாகாது என்று நமக்குக் கற்பித்த பெரியோரும் இவ்வேற்பாட்டிற் குறை காணார். பஃபே என்னும் முறையிலோ எல்லாப் பண்டமும் ஒருங்கே காத்திருக்கும், காத்திருத்தல் நமக்கில்லை. தட்டை ஏந்தி வரிசையில் நின்று, முன்னிற்பவரின் முதுகைப் பார்த்து, கிடைத்ததைக் குவித்துக்கொண்டு மூலைக்கொருவராய்ப் பிரிகின்றோம். அதனை யாம் விருந்தென்னோம், கூட்டுணவென்றும் சொல்லோம். கைத்தொலைபேசியைப் பற்றி எழுதாது விடுகின்றோம். எழுதினால் அதிலேயே வாசித்துவிட்டுத் தள்ளிவிடுவர்.

எஞ்சியது செலவு. 2022 இல் எரிவாயு உருளைக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அன்று ஏறிய விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் மாதந்தோறும் வெளியே உண்ணல் இயலாது. ஆண்டுக்கு இருமுறை இயலும். அவ்விருமுறையை வீண்செலவென்பார், கலியாண மண்டபத்துக்குத் தாம் கொட்டும் பணத்தையும் எண்ணிப் பார்ப்பாராக.

இக்கருத்தை இம்மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. யூபிலி இராப்போசனத்தைப் பெரிய ஹோட்டல் மண்டபம் ஒன்றில், நுழைவுச்சீட்டு வைத்து நடத்தலாம் என்பது பழைய மாணவர் சிலரின் யோசனை. நல்லெண்ணத்திற் பிறந்ததே. ஆனால் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவருள் முச்சக்கரவண்டி ஓட்டுவோர் உளர். தோட்டஞ் செய்வோர் உளர். அச்சீட்டின் விலை அவர்களுக்கு ஒரு கிழமை வருவாய். வெளிநாட்டிலிருந்து வருவோர் "நாம் அவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகின்றோம்" என்பர். அப்பொழுது அவர்கள் மீண்டும் ஏற்போர் ஆகின்றனர். பலர் தலைவலி என்று சொல்லி வாராது நின்றுவிடுவர். முன்பு புறம்பான பேணி நிறுத்திய அதே வாசலில் இன்று சீட்டின் விலை நிறுத்தும்.

வகுப்பு வகுப்பாகப் பிரிந்து, அவ்வவ்வாண்டினர் எட்டுப் பத்துப் பேராக நகரத்துச் சாதாரண உணவுச்சாலைகளிலே ஒரே இரவில் உண்ணலாம் என்பது நம் யோசனை. மேடை, பொன்னாடை, நன்றியுரை ஒன்றும் வேண்டா. கணக்கு வந்ததும் அவரவர் இயன்றதைத் தட்டில் இடுக. யார் எவ்வளவு இட்டார் எனப் பாராது, குறைவதை ஒருவர் காசாளரிடம் மெல்லச் சென்று நிரப்புக. மண்டபத்துக்கு முற்பணம் இன்னும் கட்டப்படவில்லை என அறிகின்றோம்.